மழை நாளிலும் ஓட்டு என்றேன்

செல்வராசுவைத் தோற்கடித்தது அவனுடைய கால்கள் அல்ல. நான்தான். தெரிந்தே, சிரித்த முகத்தோடு, ஆலோசனை சொல்லியே தோற்கடித்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்வது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். முகம் தெரிந்தவர்களிடம் உண்மை பேசும் துணிச்சல் எனக்குக் கிடையாது!

கரவனெல்ல கடைவீதியில் சைக்கிள் சாமான்கள் விற்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் பக்கத்தில் சைக்கிள் போட்டி நடக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனி ஓட்டம் உண்டு. யட்டியாந்தோட்டைப் பக்கம் போய், ஒரு செங்குத்தான ஏற்றம் ஏறித் திரும்ப வேண்டும். வருடா வருடம் கோப்பை எனக்குத்தான். அதனால் இந்தப் பக்கத்து நடுவயதுச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். எப்படி மூச்சு விடுவது, என்ன சாப்பிடுவது, ஏற்றத்தில் எந்தப் பல்சக்கரம்... 'வாத்தியார்' என்று கூப்பிடுவார்கள். வாத்தியாராம்!

செல்வராசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். என்னிடம் வாங்கிய பழைய ரேஸ் சைக்கிளில் முதல் முறை போட்டிக்கு வந்தான். ஏற்றத்தில் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாதவன்! பாதை இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் அன்றைக்கே நான் காலி. பரிசு வாங்கும்போது கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டக்கூட மறந்தேன். களைப்பு என்று நினைத்தார்கள்.

அடுத்த வாரமே கடைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, அடுத்த வருசம் நான் ஜெயிக்கணும்ணே. கோப்பைக்காக இல்ல. மைக்குல எங்க தோட்டத்துப் பேர ஒரு தடவ சொல்லணும். எங்க லயத்து வரிசவீட்டு ஆளுங்க காது குளிரக் கேக்கணும். என்னா செய்யணும்னு சொல்லுங்க, அப்படியே செய்றேன்."

பிறகு அவனாகவே ஒன்றைக் கேட்டான்.

"மழை பேஞ்ச மறுநாளு மட்டும் காலு பஞ்சு மாதிரி லேசா இருக்குதுண்ணே. அது ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும்! அவன் கேட்ட அந்த நொடியிலேயே தெரிந்தது. மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. அன்றைக்கு வேலை இல்லை, வருகை ஏட்டில் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. மற்ற நாளெல்லாம் விடியும் முன்பே மலைச்சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, பால் வாளியைச் சுமக்கிற உடம்பு, மழை நாளில் மட்டும்தான் ஓய்ந்து படுக்கும். நாற்பதுக்கு மேல் ஓட்டும்போது உடம்பு தேய்கிறது, ஓய்வில்தான் வலுப்பெறுகிறது. பகல் முழுக்கக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்குத்தான் கூடுதல் ஓட்டம் வேண்டும். அவனுக்கு வேண்டியது தூக்கமும் வயிறு நிறையச் சோறும். பால் வெட்டே பாதிப் பயிற்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்...

சொன்னேனா? இல்லை! தேன் ஒழுகப் பேசினேன்.

"மழைன்னு படுத்தா ஒடம்பு துருப்பிடிச்சிரும் செல்வராசு. வேலையில்லாத நாள்லதான் நல்லா ஓட்டணும். போட்டிக்கு முந்தின வாரம் ஒரு நாள்கூட விட்றாத. அதுதான் ரகசியம்."

நானோ போட்டிக்கு முந்தின வாரம் சைக்கிளைத் தொடுவதே இல்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை நான் ஒரு பிளேன்டீயையும் வாங்கிக் கொடுத்துச் செய்தேன்.

மே மாத மழையில் தொடங்கினான். கரவனெல்லவில் மழை என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... ஓட்டில் கல்லை வாரிக் கொட்டுவது போல் பெய்யும். அதில் குனிந்தபடி என் கடையைத் தாண்டிப் போவான். எதிர்க்கடைச் சிங்களத்து முதலாளி, "பாவம் மனுசன், பிஸ்ஸு புடிச்சிருக்கு" என்று சிரிப்பார். பைத்தியம் பிடித்தது அவனுக்கா, எனக்கா? மாதங்கள் போகப் போகக் கன்னம் ஒட்டியது. இருமல் வந்தது. "காலு கனக்குதுண்ணே" என்றான். "கனக்கத்தான் செய்யும், அப்பத்தான் வலு ஏறும்" என்றேன். அதற்கும் தலையாட்டினான். ஏனடா தலையாட்டினாய்! ஒரு தடவையாவது எதிர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் இன்றும் எனக்கு அவன்மேல் உண்டு. பாருங்கள், எப்படிப்பட்டவன் நான்... கழுத்தறுத்துவிட்டு, கழுத்தை நீட்டியவன்மேல் கோபப்படுகிறேன்!

போட்டியன்று அவனுடைய லயமே திரண்டு வந்து ஏற்றத்தில் நின்றது. அவன் மனைவி புஷ்பம் மஞ்சள் சேலையில் முன்னால் நின்றாள். சிங்களப் பையன்கள்கூட அவன் ஜெயிக்க வேண்டும் என்று "ஜயவேவா!" கத்தினார்கள். அந்த ஏற்றத்தின் நடுவில், எல்லோர் கண்முன்னாலும், செல்வராசு சைக்கிளை விட்டு இறங்கினான். தள்ளிக்கொண்டு நடந்தான். அவனைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்! வேறு சொல் போட்டு மூடி மறைக்கப் போவதில்லை.

பரிசளிப்பில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். என்ன பேசினேன் தெரியுமா? "மழைக்கும் நிற்காத உழைப்புதான் வெற்றி" என்றேன். கைதட்டினார்கள். இன்றைக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் பலரும் அதையே வேதமாகச் சொல்லித் திரிகிறார்கள். வாய்க்கு வந்த பொய் வேதமாகிவிட்டது.

கூட்டம் கலையும்போது புஷ்பம் என்னிடம் வந்தாள்.

"நீங்க சொன்னது ஒன்னு விடாம செஞ்சாருங்க. இவரு ஒடம்புதான் ஏலாத ஒடம்பு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்! அவள் காறித் துப்பியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதன் பிறகு மூன்று வருடம் செல்வராசு சைக்கிளைத் தொடவில்லை. தோட்டத்தில் கேலி செய்தார்களாம். 'வயசு போயிருச்சு, நமக்கு லாயக்கில்ல' என்று அவனே சொல்லித் திரிந்தானாம். வயசாம்! மூன்று வருடமும் கோப்பை எனக்குத்தான். கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. துடைக்கப் பிடிக்கவில்லை, தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இது பழைய பாவம். 'விடுங்கள், திருந்திவிட்டீர்களே' என்று நீங்கள் தேற்றலாம். பொறுங்கள், தேற்றாதீர்கள்.

போன வாரம் அவன் மறுபடியும் கடைக்கு வந்தான். உடம்பு தேறியிருந்தது. கெண்டைக்கால் பழையபடி இறுகியிருந்தது. முதலில் என் கண் போனது அங்கேதான்.

"இன்னும் ஒரு தடவ முயற்சி பண்றேண்ணே. அடுத்த சித்திரைக்கு. என்னா செய்யணும்?"

வாய்ப்பு என்றால் அது வாய்ப்பு! 'மழை நாளில் படுத்துத் தூங்கு' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அடுத்த கேள்வி வருமே... அப்ப அன்னைக்கி ஏன் வேற மாதிரி சொன்னீங்க? அதற்கு என்ன பதில் சொல்வது? அதுமட்டுமா? அந்தக் கெண்டைக்காலைப் பார்த்ததும் அதே பழைய பயம். ஐம்பதை நெருங்கும் ஒருவனுக்கு, ஒரு தகரக் கோப்பைக்காக, இப்படி ஒரு பயம்! தூ...

"முன்ன சொன்னதேதான் செல்வராசு" என்றேன்.

சித்திரைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, போய்ச் சொல் என்கிறீர்கள். எனக்கும் தெரியும். தோட்டம் கூப்பிடு தூரம்தான். தினமும் கிளம்புகிறேன், கடை வாசலோடு திரும்பிவிடுகிறேன்.

இன்று காலையும் நல்ல மழை. தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. நான் கடைக்கதவைத் திறந்துகொண்டிருந்தேன். செல்வராசு நனைந்து ஒழுகியபடி சைக்கிளில் வந்தான். என்னைக் கண்டதும் இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தினான்.

"பாருங்கண்ணே, படுக்கல!"

நானும் கையை உயர்த்திக் காட்டினேன்.