பின்னறையில் ஒரே மேசை

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. அப்போது நாங்கள் அந்த உணவகத்தின் வாசலிலேயே, காருக்குள் உட்கார்ந்திருந்தோம்.

அசுந்தா அத்தை என் அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். பிள்ளைகள் இல்லை. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்து வின்சென்ட் உணவகத்தில் பரிமாறியே அவள் காலம் போயிற்று. ஞாயிறுதோறும் எங்கள் குடும்பம் முழுவதும் அங்கேதான் சாப்பிடும். அப்பா ஜன்னலோரம் உட்காருவார். ரெமோ சித்தப்பா சமையலறைக் கதவோரம். அவர்களுடைய அம்மாவின் இறுதி ஊர்வலத்தில், சவ வண்டிக்கு அடுத்து யார் கார் போவது என்று சண்டை மூண்டது. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. இருவருக்கும் நடுவே மக்கரோனியையும் செய்திகளையும் அத்தைதான் சுமந்தாள்.

"அசுந்தா, சீஸை எல்லாம் தானே கொட்டிக்க வேண்டாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லு" என்பார் அப்பா.

"நீயே போய்ச் சொல்லேன். பத்தடி தூரம். என் முழங்காலு என்ன உங்க வீட்டுத் தபால்காரனா?"

வேலையை விடப்போவதாக இருவரிடமும் சொன்ன அன்று அவள் சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷம் நின்னுக்கிட்டே உங்களைப் பாத்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் உக்காந்து சாப்பிடணும். ஒரே மேசையில. ஒருத்தன் இந்தப் பக்கம், ஒருத்தன் அந்தப் பக்கம். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். உணவகத்தார் அத்தைக்காகப் பின்னறையை ஒதுக்கி, வேறு யாரும் நுழையாமல் கதவைச் சாத்திவைத்தார்கள்.

நாங்கள் போனபோது எதிர் வரிசையில் சித்தப்பாவின் கார் நின்றது. அவரும் இறங்கவில்லை. முதலில் உள்ளே போகிறவன் பணிந்துபோனவன் ஆகிவிடுவான். குளிருக்காக இரண்டு கார்களிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்கு சில்வியோ. அவ காத்துக்கிட்டிருப்பா" என்றாள் அம்மா.

"அவன் இறங்கட்டும். மூத்தவன் நான்" என்றார் அப்பா.

எதிர்க் காரில் சித்தியும் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து, பிறகு அதுவும் தெரியவில்லை.

சமையல்காரன் கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்தான். எந்தக் காருக்கு முதலில் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றான். அங்கிருந்தபடியே, அசுந்தா போய்விட்டாள் என்றான். பின்னறைக்கு ரொட்டி கொண்டுபோனபோதுதான் பார்த்தானாம். அவள் விழுந்து அரைமணி நேரம் இருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். நாங்கள் வந்து அதைவிட அதிக நேரம் ஆகியிருந்தது.

அண்ணனும் தம்பியும் ஓடினார்கள். கதவருகே இருவரும் ஒரு கணம் நின்றார்கள். அம்மாதான் அவர்களைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனாள்.

இரண்டு மேசைகளை அத்தையே இழுத்துச் சேர்த்திருந்தாள். அவளுடைய தட்டுக்கும் அப்பாவின் தட்டுக்கும் முட்கரண்டி வைத்தாகிவிட்டது. சித்தப்பாவின் தட்டுக்கு இன்னும் வைக்கவில்லை.