வசனமில்லாத தாய்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்த விவிலியப் படத்தை முதன்முதலாக வீடியோவில் போட்ட ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டிலும் மீன் வாசனை இல்லை. சாமி படம் என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொல்லியிருந்தார். எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. அம்மா தலைக்குக் குளித்து, சைவம் சமைத்து, மண்டபத்துக்குச் சூடமும் கொண்டுவந்தாள். தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சூடம் காட்டிய பிறகுதான் படம் தொடங்கியது.

படம் ஆங்கிலத்தில். ரப்பர் பால் லோரி ஓட்டிய அப்பாதான் எழுந்து நின்று தமிழில் சொன்னார். அவருடைய ஆங்கிலம் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. எதற்கும் கண் காது மூக்கு வைத்துப் பேசுகிற மனிதர். கடல் பிளந்தபோது எல்லோரும் கைகூப்பினார்கள். ஆனால் அழுதது அதற்கு வெகு முன்பே, ஒரு தாய் தன் குழந்தையைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டபோது. அவளுக்காக அப்பா சொன்னார்:

"போய்யா ராசா. பசிச்சா சத்தமா அழு. கேக்குறதுக்கு ஒருத்தி இல்லாமலா போயிருவா?"

சில வருடங்களில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். நாங்கள் தோட்டத்தை விட்டு ரவாங் டவுனுக்கு மாறினோம். நான் ஃபேக்டரி வேலையில் சேர்ந்தேன். அவர் சொன்னதெல்லாம் நினைவிருந்தது, குரல் மட்டும் மறந்துகொண்டே வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் குரல் திரும்பிவிடும் என்று நம்பி, கோலா குபு பாருவில் ஒரு வீடியோ கடையில் தேடிப் பிடித்து எடுத்துவந்தேன்.

அம்மா அன்றைக்கும் சைவம்தான் சமைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனங்களைப் பிசகில்லாமல் தமிழில் சொன்னேன். முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது, அப்பா சொன்னதில் பாதி படத்திலேயே இல்லை. மனிதர் அத்தனை பேரையும் ஏமாற்றியிருக்கிறார். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. குரல் வரவில்லை.

ஆற்றங்கரை வந்தது. அந்தத் தாய் கூடையைத் தண்ணீரில் தள்ளினாள். வாய் திறக்கவேயில்லை, பின்னால் இசை மட்டும். நானும் சும்மா இருந்தேன்.

"என்னடி பேசாம இருக்க? அவ என்னா சொல்றான்னு சொல்லு," என்றாள் அம்மா.

"ஒண்ணும் சொல்லலம்மா. அவளுக்கு வசனமே இல்ல."

"சொன்னாளே," என்றாள் அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்பா இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்தி, 'போய்யா ராசா'வில் தொடங்கி முழுவதையும் சொன்னாள். அப்பாவேதான்.

நான் எழுந்துபோய் டேப்பைப் பின்னுக்கு ஓட்டினேன். படத்தின் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றேன்.