தும்மல் வராத வீடு

திருவனந்தபுரம் ஆரியசாலையில், வாடகைக்கு வந்த கடையின் மாடியில் நிற்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று கோவில்பட்டி மிளகாய் வத்தலை மூன்று ஜில்லாவுக்கு அனுப்புகிறேன். கீழே கடை, மேலே குடித்தனம்! இந்த மாடித் தரைப் பலகையில் ஓர் ஓட்டை போட்டால் படுத்தபடியே தராசைப் பார்க்கலாம். படுத்தும் பார்க்கிறேன்.

"எந்தா அண்ணாச்சி இது? கடை பாக்க வந்தீங்களா, உறங்க வந்தீங்களா?" கட்டிடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா சிரிக்கிறார்.

"ரெண்டுக்கும்தான்! இங்க ஒரு ஓட்டை போட்டா படுத்துக்கிட்டே தராசைப் பாக்கலாம்லா. வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரப்போறேன்."

"வத்தல் நெடி மேல ஏறுமே. அக்கா தும்மமாட்டாங்களா?"

எழுந்து உட்காருகிறேன். என் சட்டையைத் துவைத்தாலே அவளுக்குத் தும்மல். அதனால்தான் ஊரில் அவள் வீட்டிலும் நான் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் மூட்டை மேலுமாக முப்பது வருஷம் போய்விட்டது. ஆனால் என் மூளை சும்மா இருக்குமா?

"நெடி மேலதானே போகும்? மூட்டையை மேல ஏத்திருவோம். நாங்க கீழ, தராசுக்குப் பக்கத்துலயே இருந்துக்கிடுதோம்!"

வீட்டுக்காரம்மா சாவியை நீட்டுகிறார். "கொள்ளாமே, நல்ல யோசனை! பின்னே அந்த ஓட்டை மட்டும் வேண்டாம், கேட்டோ. அக்கா தலையில வத்தல் கொட்டும்."

ஓட்டை எதற்கு? பாய்க்கு இந்தப் பக்கம் தராசு, அந்தப் பக்கம் அவள்.