ஃபிரிட்ஜ் பக்கம் போன குதிரைகள்

மாடி அறையின் சாவி என் நாத்தனாரின் இடுப்பில் இருந்தது. அது எனக்கு வேண்டும். ஏழு வாரம் நான் குதிரை ஓட்டியது அதற்காகத்தான்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்கு வீடு அறை வாடகைக்கு விடுகிற தெரு எங்களுடையது. எங்கள் மாடியில் இரண்டு வருடம் இருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பியதும், அந்த அறையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. அரசுப் பணித் தேர்வில் மூன்று முறை கோட்டை விட்டவள். கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது என்னைக் கூப்பிடுவார்கள். தாழ்ப்பாள் போட ஒரு கதவு கிடைத்தால் பாஸ் செய்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீடு நாத்தனாரின் பேரில் இருக்கிறது. என் கணவரின் அக்கா, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்களோடு இருக்கிறார். "சீசன்ல ரூம காலியா போட முடியாதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வெள்ளைக்காரர் ஒரு தகரப் பெட்டியை விட்டுப் போயிருந்தார். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஈயக் குதிரைவீரர்கள். நீலச் சட்டைக்காரர்கள் இருநூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுப் பேரரசனின் படை, சிலர் மார்பில் இரும்புக் கவசம், சிலர் கையில் ஈட்டி. சிவப்புச் சட்டைக்காரர்கள் ஆங்கிலேயர்கள். கூடவே தெர்மோகோலில் செய்த ஒரு மலை, பகடை, ஆங்கிலத்தில் விதிப் புத்தகம். எதிரியின் கொடியைத் தொட்டால் வெற்றி. மலை செங்குத்து, குதிரை ஏறாது, சுற்றித்தான் போகவேண்டும். பாய்ந்து தாக்கிய குதிரைக்கு அடுத்த சுற்றில் மூச்சு வாங்கும், நகர முடியாது.

ரிட்டயர் ஆனதிலிருந்து பொழுது போகாமல் இருந்த நாத்தனாருக்கு இந்த ஆட்டம் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்து, நடுவில் மலையை வைத்து, ஞாயிறு தோறும் என்னை உட்கார வைப்பார். அவருக்கு எப்போதும் சிவப்பு, எனக்கு நீலம். ஒருநாள் நான் மறுபடி அறையைப் பற்றி வாயெடுத்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சீசன் தொடங்கறதுக்குள்ள ஒரே ஒரு தடவ என்ன ஜெயிச்சிடு. சாவி உனுக்கு."

"நெஜமாவா அண்ணி? அப்புறம் பேச்சு மாறக்கூடாதுங்க."

"நான் இன்னைக்கி வரைக்கும் மாறுனதில்ல."

அவர் கொடாக்கண்டர் என்றால் நான் விடாக்கண்டி. விதிப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். கவசக்காரர்களை முதலில் விட்டுப் பார்த்தேன், ஈட்டிக்காரர்களை முதலில் விட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் மலையைத் தாண்டும் இடத்தில் சிவப்புச் சட்டைகள் அசையாமல் எனக்காகக் காத்திருக்கும். என் குதிரைகள் பாய்ந்து களைத்து நிற்கும்போது நிதானமாக வந்து வெட்டிச் சாய்க்கும். ஆறு ஞாயிறும் தோற்றேன். ஆறாவது ஞாயிறு எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைய ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

அந்த வாரம் பௌர்ணமி. விடிகாலையில் கிரிவலம் போனேன். எல்லோரும் போகிற திசைக்கு எதிரே ஒருவர், ஊருக்குப் புதியவர், முதுகில் பையோடு வந்துகொண்டிருந்தார். பூக்காரம்மா ஒருத்தி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். "சாமி, இப்டி வராதீங்க. மல சோத்தாங்கைப் பக்கம் இருக்கணும்." எனக்கும் உள்ளுக்குள் ஒரு பதற்றம் வந்து போனது. அடுத்த நொடி நடுரோட்டில் நின்றுவிட்டேன். மேஜையில் என் குதிரைகள் ஆறு வாரமும் மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் போயிருந்தன! பிரெஞ்சுக்காரனின் படையை நான் கிரிவலம் கூட்டிப் போயிருக்கிறேன். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது.

ஏழாவது ஞாயிறு. மலையின் இன்னொரு பக்கம், ஃபிரிட்ஜை ஒட்டியது, வெறிச்சென்று கிடந்தது. ஈட்டிக்காரர்கள் நாலு பேரை வழக்கம்போல ஜன்னல் பக்கம் அனுப்பினேன். நாத்தனார் தன் படையை அங்கே குவித்தார். கவசக்காரன் ஒருவனை எடுத்து ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பும்போது கை கூசியது. தெர்மோகோல் என்று அறிவு சொல்கிறது, கை கேட்கவில்லை. மனசுக்குள் அருணாசலா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வைத்தேன். பின்னாலேயே மற்ற ஐந்து பேரையும் கொண்டுபோனேன்.

அவர் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. அவருடைய குதிரைகள் என் ஈட்டிக்காரர்களை வெட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. என் பகடையில் ஐந்து விழுந்தது. கொடியை எட்ட மூன்றே போதும். கொடியைத் தொட்டேன்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மலையையே பார்த்தார்.

"இன்னாம்மா இது, மலைய எடமா சுத்திட்ட?"

"தெர்மோகோல்தானே அண்ணி."

"நீ ஜன்னல் பக்கந்தான் வருவன்னு எனுக்குத் தெரியும். ஏன்னு தெரியாது. இந்தப் பக்கம் ஒருத்தனயாவது நிறுத்தணும்னு எனுக்கும் தோணவேயில்ல பாரேன்."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். முகத்தில் வருத்தம் இல்லாமல் இல்லை. "போ, இப்பவே போ. தாப்பா போட்டுக்க. யார் கூப்ட்டாலும் தொறக்காத."

புத்தகங்களோடு மேலே போய்த் தாழிட்டேன். முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் கீழேயிருந்து என் கணவரின் குரல், "ஏய், காபி போட்டியா?" பதினாறு வருடப் பழக்கம், கால் தானாக எழுந்துவிட்டது. கை தாழ்ப்பாளில் இருந்தது.

அப்போது நாத்தனாரின் குரல் வந்தது. "டேய், அவ படிக்கிறா. நீயே போட்டுக்க. எனுக்கும் ஒரு டம்ளர் வை."

அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.