கறுப்புப் பொலித்தீனும் நல்ல நாளும்

என் மனிசியின் முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தால், என் கையால் நட்ட கொடியின் முதல் பூசணிக்காயை ஆவணித் திருவிழா அன்னதானத்துக்குத் தருவதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இனி என் முறை. சுவிஸில், லாங்கன்தாலில் பங்குனி மாதத்து மண்ணோ ஐஸ் பெட்டிபோலக் கிடந்தது. திருவிழாவுக்குக் காய் வேண்டுமென்றால் வெள்ளென நடவேண்டும்.

பக்கத்துத் தோட்டத்துச் சுவிஸ் அம்மா வழி சொன்னார். கறுப்புப் பொலித்தீனை மண்ணில் விரித்து ஓரத்துக்குக் கல் வைத்தால், வெயிலை இழுத்து மண் சூடாகும். விரித்தேன். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அடியில் கையை விட்டுப் பார்ப்பேன்.

“பிள்ளையளுக்குக் காய்ச்சல் எண்டேக்கையும் நீங்கள் இப்பிடித் தொட்டுப் பாக்கேல்லை,” என்றாள் மனிசி.

சித்திரையில் மண் சூடாகிவிட்டது. “மண் சரி, இரவுதான் இன்னும் சரியில்லை. மே மாத நடுவில் எங்கள் பனிப் புனிதர்களின் நாட்கள் கழியட்டும், அதுவரை இரவில் உறைபனி விழும்,” என்றார் அந்த அம்மா. அவர் கத்தோலிக்கர். என்னிடம் பஞ்சாங்கம் இருந்தது. அதில் அதற்கு முன்னமே அருமையான நாள் ஒன்று. யாழ்ப்பாணத்தில் கணித்த பஞ்சாங்கம். பூசணியை உறைய வைக்கிற குளிர் அங்கே கிடையாது.

நல்ல நாளில் நேர்த்திக் கன்றுகளைக் கறுப்பிலா வைப்பது? பொலித்தீனைச் சுருட்டி எறிந்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்தி நட்டேன்.

“வைரவற்றை நாயும் கறுப்புத்தானே, அவர் கோவிக்கிறாரோ?” என்றாள் மனிசி. அவளுக்காகத்தான் இவ்வளவும்.

அடுத்த கிழமை ஒரு விடியற்காலை, கன்றெல்லாம் அவித்த கீரைபோலக் கிடந்தன. சுவிஸ் அம்மா சிரிக்கவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது. புனிதர்கள் போனபின் பொலித்தீனைத் திரும்ப விரித்து, ஓட்டை வெட்டி, தன் கன்றுகள் இரண்டைத் தந்தார். நானே நட்டேன்.

திருவிழாவுக்கு ஒரேயொரு காய் வந்தது. தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. கோயில் சமையலறையில் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்தார். “அண்ணை, இது சாம்பாருக்குள்ள போடவோ, சாம்பாருக்குக் காட்டவோ?”

போட்டார்கள். நான் ஐயரிடம் போய் அந்த அம்மாவின் பெயரில் அர்ச்சனை கேட்டேன்.

“நட்சத்திரம்?”

“தெரியாது ஐயா. அவ வேதக்காரி, கத்தோலிக்கம்.”

“அப்ப சுவாமி பேருக்குச் செய்வம்.”

“இல்லை ஐயா, சுவாமிக்குக் காய் குடுத்திட்டன். இது அவவுக்கு.”

ஐயர் என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு அந்தச் சுவிஸ் பெயரை, தன் வாய்க்கு வந்தபடி, பிள்ளையாருக்குச் சொன்னார்.