சொல் பேச்சுக் கேளாத சதை

சோம்பேறி என்று சொல்கிறவர்கள், மருதப்பன் சட்டை மாட்டுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். முதல் பொத்தானைப் போடுவான், மூச்சு வாங்குவான். அடுத்ததைப் போட்டுவிட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வான். கழுத்துப் பொத்தானுக்கு வருவதற்குள் நெற்றி முழுக்க வேர்த்திருக்கும். இத்தனையும் கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே வரும்போது தலை வாரி, நெஞ்சை நிமிர்த்திக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருவான். அப்புறம் அவன் குடியிருக்கும் பஃப்ளோ ரோட்டு வாய் சும்மா இருக்குமா?

"உடம்பப் பாரு, எருமை கணக்கா! பொண்டாட்டி மசாலா அரைச்சுக் கொட்டுறா, ஐயா அஞ்சடியில உக்காந்து காத்து வாங்குறாரு" என்பான் வடிவேலு. மருதப்பனோடு துறைமுகத்தில் ஒரே கூட்டத்தில் மூட்டை சுமந்தவன்தான் அவனும்.

கடை வாசல்களை ஒட்டி ஓடும் அந்த அஞ்சடி நடைபாதையில் காற்று வாங்கத்தான் உட்கார்ந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறவன் வேறு என்ன செய்வான்? ராத்திரியும் சுவரில் சாய்ந்தே தூங்குவான். இது அவன் மனைவி ரத்தினம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வெளியில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

ஊரும்தான் என்ன செய்யும்? பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த உடம்பில் ஒரு குறையும் இல்லை. அரிசி மூட்டை உரசி உரசிப் பிடரித் தோல் செருப்புத் தோலாகக் காய்த்திருக்கும். பக்கத்து வீட்டு ஆமினா பீவியின் மர அலமாரியை ஒற்றை ஆளாக மாடியேற்றிவிட்டு, "இன்னும் ஏதாச்சும் இருக்கா பீவி?" என்று கேட்டவன். துறைமுகத்தில் கங்காணியான தண்டல், வேலைக்கு ஆள் எடுக்கிற முறை ஒன்று உண்டு. வரிசையில் நிற்கிறவனின் மேல்கையை, ஆட்டுத் தொடையைப் பிடித்துப் பார்ப்பது போல ஒரு பிடி. கல்லாக இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. அந்த வழக்கத்திலேயே ஊறின ஜனம், கை கெட்டியாக இருந்தால் ஆளே கெட்டி என்று நினைத்துக்கொண்டது.

மூச்சுமுட்டல் தாங்காமல் போய்க் காட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் பூரணம் என்கிற யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்ஸிதான் விளக்கிச் சொன்னாள். ரத்தினம்மா பக்கத்தில் நின்றாள்.

"அண்ணை, கையை மடக்குங்கோ பாப்பம்."

மடக்கினான். தேங்காய் மாதிரிப் புடைத்தது.

"இப்ப மேல்சதை எலும்பை இழுக்குது, கீழ்ச்சதை விட்டுக் குடுக்குது. கையை நீட்டேக்கை மாறி நடக்கும். சதைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நீங்கள் சொன்னா இழுக்கும், விடச் சொன்னா விடும், களைச்சா ஓய்வு எடுக்கும். சரி, இப்ப உங்கடை நெஞ்சுக்குச் சொல்லுங்கோ, கொஞ்சம் நில்லெண்டு."

மருதப்பன் சிரிக்கப் பார்த்தான்.

"கேளாது. இதயமும் சதைதான், ஆனா ஆர் சொன்னாலும் கேளாத சதை. ஒரு துடிப்புக்கும் மற்றத் துடிப்புக்கும் நடுவிலை கிடைக்கிறதுதான் அதுக்கு ஓய்வு. அதுக்குள்ளை நாலு அறை, அறைக்கு அறை கதவு. சின்ன வயசிலை காய்ச்சலோடை மூட்டெல்லாம் வீங்கினதெண்டு சொன்னீங்களெல்லே? அந்தக் காய்ச்சல் ஒரு கதவை ஒட்டவைச்சிட்டுது. போற இரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலிலை தேங்குது. நீங்கள் பாரம் தூக்கினா, கையும் காலும் கூட இரத்தம் கேக்கும். அந்த நெஞ்சு எங்கையிருந்து குடுக்கும்?"

பெரிய டாக்டர் நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு அந்தக் கதவை விரித்துவிடுவாராம். பிழைப்பவர்கள் உண்டு, எழுந்திருக்காதவர்களும் உண்டு. சும்மா விட்டாலோ, ஒரு மூட்டை போதும், ஆளை முடித்துவிடும்.

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ்ஸி" என்று எழுந்து வந்துவிட்டான். வழியில் ரத்தினம்மாவிடம் சொன்னான்: "கத்தி வச்சுட்டா அப்புறம் என்னைய எவன்டி மூட்டை தூக்கக் கூப்பிடுவான்? நோஞ்சான்னு எழுதி ஒட்டிடுவாங்க."

அப்படி யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் அவர்கள் மாடி வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்கு அரிசி லாரி வந்தது. இறக்க வந்தவர்களில் வடிவேலுவும் ஒருவன்.

"மாப்ள! ஒத்த மூட்டை தூக்கிக் காட்டு லா. நாங்க வாயப் பொத்திக்கிறோம்."

மாடியில் கூலிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்த ரத்தினம்மாவுக்கு அது காதில் விழுந்தது. மசாலாக் கையோடு படியில் ஓடி வந்தாள். அதற்குள் அவன் லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்துவிட்டான். மூட்டை பிடரியில் விழுந்தது. "வேணாங்க!" என்றாள். தொடைச் சதை திரண்டது, முழங்கால் நிமிர்ந்தது, முதுகு ஆடவில்லை. சொன்னதைக் கேட்கிற சதையெல்லாம் சொன்னபடி கேட்டது. கடைக்குள் கொண்டுபோய், மூலை பிசகாமல் அடுக்கின் மேல் வைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பி வந்தவன் அஞ்சடித் தூணைப் பிடித்தான், அப்படியே சரிந்து உட்கார்ந்தான். இருமினான். வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை வந்தது.

"என்ன மாப்ள, வெத்தலையா?" என்று வடிவேலு சிரித்தான்.

"அவரு வெத்தலையே போட மாட்டாருடா, பாவி!" என்றாள் ரத்தினம்மா.

உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. வடிவேலுதான் ஓடிப்போய் டாக்சியை மறித்தான்.

ஆஸ்பத்திரியில் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மருதப்பனும் சம்மதித்துவிட, கத்திக்கு நாள் குறித்தாகிவிட்டது. தெருவும் பேச்சை மாற்றிக்கொண்டது. நெஞ்சைப் பிளந்தால் உயிர் நிற்குமா, ரத்தினம்மா தாலியை அறுக்கவா கூட்டிப்போகிறாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் வந்தாள். மாடியில் வந்துதான் அழுதாள்.

"அழாதடி. நான் தூக்கிப் பாத்துட்டேன். அது என் சொல்லக் கேக்கல. டாக்டர் சொல்லையாவது கேக்குதான்னு பாப்போம்" என்றான் மருதப்பன்.

புறப்பட்ட அன்று காலை அஞ்சடி முழுக்க ஆட்கள். துண்டும் தம்ளரும் மாற்று வேட்டியும் இருந்த சின்னப் பையை மருதப்பனே கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். வாசலைத் தாண்டினான். ஓரமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற வடிவேலுவின் முன்னால் போய் நின்றான்.

"இந்தா மாப்ள, இதைத் தூக்கிட்டு வா" என்று பையை நீட்டினான். பிறகு, தெருவே பார்த்திருக்க, இரண்டு கைகளையும் வெறுமனே வீசிக்கொண்டு டாக்சியைப் பார்த்து நடந்தான்.