தகர வண்டிக்குள் ஒரு தொட்டில்

இன்னைக்குக் காலையில ஆடு மேய்க்கிற புருஷனும் பொண்டாட்டியும் என் வெல்டிங் பட்டறைக்கு வந்தாவ. டிராக்டருக்குப் பின்னால இழுத்துட்டு வந்த தகர வண்டிதான் அவியளுக்கு வீடு.

தட்டு ஸ்டாண்டு, கண்ணாடி, அடுப்புப் பலகை எல்லாத்தையும் சுவர்ல ஆடாம மாட்டிக் கொடுத்தேன்.

கடைசியா அந்தப் பொண்ணு கேட்டா: "அண்ணாச்சி, தொட்டிலுக்கும் ஒரு கொக்கி வேணும்."

"தகரம் தாங்காது தாயி. வண்டி ஓடும்போது பிள்ளையை மடியில வச்சுக்கோ."

"இவிய டிராக்டர் ஓட்டுவாவ. நான் ஆட்டுக்குப் பின்னால நடக்கணும். பிள்ளை உள்ள தனியாத்தான் கிடக்கும்."

அடிச்சட்டத்துல இருந்து இரும்புக் குழாய் நிறுத்தி, கொக்கியைப் பத்தவச்சு, நானே தொங்கிப் பார்த்தேன்.

"தாங்கும்லா அண்ணாச்சி?"

"தாங்கும்"னு சொல்லி அனுப்பிட்டேன்.

அவிய புதூர்ப் பக்கம்தான் போயிருக்காவ. கொக்கி தாங்கிடும். புதூர்ப் பக்கம் இன்னைக்குப் போனவிய யாராவது இருந்தா, ரோடு எப்படிக் கிடக்குன்னு மட்டும் சொல்லுங்க.